ஆணின் இனப்பெருக்க மண்டலமும் குடும்ப நலமும்

நாராயணவனம் திருமணத்திற்குப் பெயர் பெற்ற ஊர். ஆகாசராசனின் மகள் பத்மாவதியைத் திருவேங்கடமுடையான் மணம் புரிந்த இடம் இதுவே என்று தல வரலாறு கூறுகிறது. கல்யாண வேங்கடேசுவரர் திருக்கோயில் அந்த நம்பிக்கையின் சின்னமாக விளங்குகிறது. புத்தூருக்கு அருகே, தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதியில், நெசவையும் வேளாண்மையையும் நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று.

அத்தல வரலாற்றில் ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. ஆகாசராசன் பிள்ளைப்பேறு இல்லாதவன். அக்குறை நீங்க வேள்வி செய்ய எண்ணி நிலத்தை உழுதபோது, தாமரையில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தான் என்பது கதை. பிள்ளையில்லாக் குறையை அரசன் தன் குறையாகவே ஏற்றுப் பரிகாரம் தேடினான். அரசியின் மேல் பழி சுமத்தவில்லை. ஊர்தோறும் இன்று காணும் வழக்கமோ இதற்கு மாறானது. மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் கரு தங்காவிடில், முதலில் மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவள் மனைவி. அடுத்தடுத்துப் பெண் குழந்தைகளே பிறந்தால் ஏச்சுக்கு ஆளாகிறவளும் அவளே. பிள்ளைகள் போதும் என்று முடிவு செய்த பின் அறுவை மேசையில் படுப்பவளும் அவளே. இம்மூன்று சுமைகளுக்கும் பல காரணங்கள் உண்டு எனினும், முதன்மையானது ஆணின் உடலைப் பற்றிய அறியாமை ஆகும்.

எலும்பு முறிந்தால் எங்குச் செல்ல வேண்டும் என்பது இப்பகுதி மக்களுக்கு மட்டுமன்றித் தமிழகம் முழுவதற்கும் தெரியும். 'புத்தூர் கட்டு' என்ற பெயர்ப் பலகை இல்லாத நகரம் அரிது. முறிந்த கையைப் பற்றி யாரும் கூச்சமின்றிப் பேசுவர். ஆனால் அதே உடலின் மற்றோர் உறுப்புத் தொகுதியைப் பற்றிப் பள்ளியில் ஆசிரியர் பக்கத்தைத் தாண்டிச் செல்கிறார். வீட்டில் தந்தை வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைப் பேருந்து நிலையச் சுவரொட்டிகளே நிரப்புகின்றன. எனவே, இம்மண்டலத்தின் அமைப்பையும் இயக்கத்தையும் தெளிவாக அறிவது மாணவருக்குப் பாடமாகவும் அலுவலருக்குக் கடமையாகவும் அமைகிறது.

உறுப்புகளின் அமைப்பு

ஆண் இனப்பெருக்க மண்டலத்தின் தலையாய உறுப்புகள் இரு விந்தகங்கள். பேச்சு வழக்கில் இவை விதைகள் எனப்படும். கருவில் குழந்தை வளரும்போது இவை வயிற்றினுள்ளேதான் தோன்றுகின்றன. பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் கவட்டுப் பகுதியின் வழியே இறங்கி, உடலுக்கு வெளியே தொங்கும் விதைப்பையை அடைகின்றன. உயிரைத் தொடரச் செய்யும் உறுப்பை இயற்கை உடலின் பாதுகாப்பான உட்பகுதியில் வைக்காமல் வெளியே வைத்ததற்குக் காரணம் வெப்பநிலை. விந்தணு உருவாக்கத்திற்கு உடல் வெப்பத்தைவிட ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று டிகிரி செல்சியஸ் குறைவான வெப்பநிலை தேவை. குளிரில் விதைப்பை சுருங்கி உடலை ஒட்டிக்கொள்வதும், வெயிலில் தளர்ந்து தொங்குவதும் இவ்வெப்பநிலையைக் காக்கும் ஏற்பாடேயாகும். ஒரு விந்தகம், பெரும்பாலும் இடப்புறமுள்ளது, மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதும் இயல்பே. இதை நோயென்று எண்ணி இளைஞர் பலர் வீணே கலங்குகின்றனர்.

வளர்ந்த ஆணின் விந்தகம் நான்கு அல்லது ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதனுள் ஏறத்தாழ 250 சிற்றறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஒன்று முதல் நான்கு வரையிலான நுண்குழல்கள், தறிக்கென வைத்த நூற்கண்டைப் போலச் சுருண்டு கிடக்கின்றன. விந்தணுக்கள் உருவாவது இக்குழல்களின் சுவர்களில்தான். அவற்றுக்கு ஊட்டமளிக்கும் செல்களை 1865-இல் இத்தாலியரான என்ரிகோ செர்டோலி விவரித்தார். குழல்களுக்கு இடையே உள்ள மற்றொரு வகைச் செல்களை 1850-இல் செருமானியரான பிரான்ஸ் லீடிக் கண்டறிந்திருந்தார். இவ்விரு வகைச் செல்களும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றன.

விந்தகத்தின் மேற்புறத்திலும் பின்புறத்திலும் எபிடிடைமிஸ் என்னும் சுருள்குழாய் படிந்துள்ளது. விரித்தால் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம் வரும் இக்குழாயில் தங்கும் காலத்தில்தான் விந்தணுக்கள் நீந்தும் ஆற்றலைப் பெறுகின்றன. இதன் தொடர்ச்சியே விந்துநாளம். விதைப்பையிலிருந்து மேலேறி, கவட்டின் வழியே வயிற்றின் கீழ்ப்பகுதியை அடைந்து, சிறுநீர்ப்பையின் பின்புறமாகச் சென்று, இறுதியில் சிறுநீர் வடிகுழாயில் கலக்கும் இந்நாளம், விதைப்பையின் தோலுக்கு வெகு அருகில், விரலால் தொட்டு உணரக்கூடிய உறுதியான நூலைப் போல ஓடுகிறது. இந்த ஓர் உண்மையை நினைவிற் கொள்ள வேண்டும். ஆணின் கருத்தடை அறுவை ஏன் எளிது என்பதற்கு விடை இதில்தான் உள்ளது.

விந்துப்பைகள் இரண்டும், புராஸ்டேட் சுரப்பியும், கௌப்பர் சுரப்பிகளும் துணை உறுப்புகள். வெளியேறும் விந்துநீரில் மூன்றில் இரண்டு பங்கு அளவிற்கு விந்துப்பைகளிலிருந்து வருவது. அதிலுள்ள பிரக்டோஸ் சர்க்கரையே விந்தணுவிற்கு எரிபொருள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புராஸ்டேட்டின் சுரப்பு. விந்தகங்களிலிருந்து வரும் விந்தணுக்களின் பங்கோ நூற்றில் ஐந்துக்கும் குறைவு.

வெளியுறுப்பான ஆண்குறியில் எலும்பு இல்லை. பஞ்சு போன்ற மூன்று திசுத் தூண்கள் உள்ளன. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வரும் நரம்புக் கட்டளையால் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருள் வெளிப்பட்டு, இரத்தக் குழாய்கள் தளர்ந்து, அத்திசுக்களில் இரத்தம் நிரம்புவதே விறைப்பு ஆகும். இரத்த நாளங்களில் இப்பொருள் ஆற்றும் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீரிழிவும், உயர் இரத்த அழுத்தமும், புகையிலையும் இரத்தக் குழாய்களைக் கெடுப்பவை; ஆகவே அவை ஆண்மையையும் கெடுக்கின்றன. விறைப்பு குன்றுதல் சிலருக்கு வரவிருக்கும் இதய நோயின் முன்னறிவிப்பாகவும் அமைவதுண்டு. அதை மறைத்து வைப்பது உயிருக்கே தீங்காக முடியலாம்.

விந்தகத்தின் இருவகைப் பணி

விந்தகம் ஒரே உறுப்பாயினும் இரு வேறு தொழில்களைச் செய்கிறது. ஒன்று விந்தணு ஆக்கம். மற்றொன்று டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரின் சுரப்பு. முன்னது நுண்குழல்களில் நிகழ்ந்து விந்துநாளத்தின் வழியே வெளியேறுகிறது. பின்னது லீடிக் செல்களில் சுரந்து நேரே இரத்தத்தில் கலக்கிறது. மீசை அரும்புதல், குரல் மாறுதல், தசை வலுப்பெறுதல், பால் வேட்கை ஆகிய அனைத்திற்கும் இரத்தத்தில் கலக்கும் அந்த இயக்குநீரே காரணம்; நாளத்தில் செல்லும் விந்தணுவிற்கு இவற்றில் பங்கில்லை. பாதைகள் இரண்டும் வேறு வேறு என்பதை உணர்ந்தால், கருத்தடை பற்றிய அச்சங்களில் பாதி தாமே விலகிவிடும்.

இவ்விரு தொழில்களையும் மேலிருந்து நடத்துவது மூளை. ஹைபோதலாமஸ் பகுதி அனுப்பும் சிறு தூதுப்பொருள் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சுரக்கும் இரு இயக்குநீர்கள் விந்தகத்தைத் தூண்டுகின்றன. விந்தகத்தின் சுரப்பு போதிய அளவை எட்டியதும் அச்செய்தி மூளைக்குத் திரும்பித் தூண்டுதல் தணிகிறது.

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. சுருள்குழாயில் முதிரும் காலத்தையும் சேர்த்தால் மூன்று மாதங்கள் எனலாம். எனவே கடுங்காய்ச்சல் ஒருவரைத் தாக்கினால், அதன் விளைவு பின்னர் வரும் மாதங்களின் விந்துப் பரிசோதனையில் வெளிப்படலாம். புகையிலையையும் மதுவையும் விட்டவர் பயன் காணச் சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

'தாது' பற்றிய அச்சம்

பல துளி இரத்தம் சேர்ந்தே ஒரு துளி விந்து ஆகிறது என்ற நம்பிக்கை நாடெங்கும் வேரூன்றியுள்ளது. உறக்கத்தில் விந்து வெளியேறினால் உடல் உருகிப் போகும் என்று அஞ்சும் இளைஞர்கள் பலர். களைப்பு, பசியின்மை, மனச்சோர்வு ஆகிய அனைத்தையும் இதனோடு இணைத்துத் துன்புறும் நிலையை, மனநல அறிஞர் என்.என். விக் 1960-இல் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டு விவரித்தார். விந்துநீர் இரத்தம் கடைந்து எடுத்த சாரம் அன்று. உமிழ்நீரைப் போல நாள்தோறும் ஊறும் சுரப்பு. வெளியேறாவிடில் விந்தணுக்கள் உடலாலேயே சிதைக்கப்பட்டு உறிஞ்சப்படுகின்றன. உறக்கத்தில் வெளியேறுதல் பருவம் எய்திய உடலின் இயல்பு.

இந்த அச்சத்தை வணிகமாக்குவோரைத் தடுக்கச் சட்டம் உண்டு. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபத்திற்குரிய விளம்பரங்கள்) சட்டம், பால் ஆற்றலைப் பெருக்குவதாகக் கூறி மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. சுவரொட்டியைக் கிழிப்பது மட்டும் போதாது. அச்சட்டம் இருப்பதை ஊராட்சி அலுவலர் முதல் பள்ளி ஆசிரியர் வரை அறிந்திருத்தல் வேண்டும்.

பிள்ளையின்மையும் பெண் குழந்தையும்

பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் உடல்நிலையும் ஒரு காரணமாகவோ முழுக் காரணமாகவோ இருப்பதை மருத்துவ உலகம் ஏற்றுள்ளது. பெண்ணுக்குச் செய்யும் சோதனைகள் பல. சில வலி தருபவை, செலவு மிக்கவை. ஆணுக்குரிய முதற் சோதனை விந்துநீரை நுண்ணோக்கியில் பார்ப்பது மட்டுமே. 1677-இல் ஆலந்து நாட்டுத் துணி வணிகர் லீவன்ஹூக் தாமே தீட்டிய கண்ணாடி வில்லையில் விந்தணுவைக் கண்டு இலண்டன் ராயல் கழகத்திற்கு எழுதினார். அன்று அவர் கண்டதை இன்று எளிய ஆய்வுக்கூடத்திலும் காணலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள் என்பது கீழ் எல்லை அளவு. அதற்குக் குறைந்தால் பிள்ளையே பிறவாது என்பதன்று. காரணத்தை ஆராய வேண்டும் என்பதே பொருள்.

காரணங்கள் பல. விந்தகத்தின் சிரைகள் புடைத்தல், பருவமெய்திய பின் வரும் பொன்னுக்கு வீங்கியால் விந்தகம் வீங்குதல், குழந்தைப் பருவத்தில் விந்தகம் இறங்காது நிற்றல், பால்வினை நோயால் நாளம் அடைபடுதல், ஓயாத வெப்பம், நச்சு இரசாயனங்கள் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 1977-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டி.பி.சி.பி. என்னும் புழுக்கொல்லியைத் தயாரித்த தொழிற்சாலையின் ஆண் தொழிலாளர் பலர் மலடாகியிருந்தது வெளிப்பட்டது. அவர்களே தமக்குள் பேசி, தம்மில் பலருக்குப் பிள்ளை பிறவாததை உணர்ந்து சோதனை கேட்டதால்தான் அந்த உண்மை வெளிவந்தது. மாந்தோப்பிலும் நெல் வயலிலும் மருந்து தெளிப்போர் கையுறையும் முகமூடியும் அணிய வேண்டுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இக்காரணங்களுள் பலவற்றிற்கு மருந்தோ அறுவையோ பயன் தரும். விந்தணுக்கள் மிகக் குறைவாக இருப்பினும், ஒரே ஒரு விந்தணுவைச் சினைமுட்டையில் செலுத்தும் முறை 1992-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் வெற்றி கண்டது. ஆயினும், கணவன் சோதனைக்கு வந்தால்தான் இவற்றால் பயன் விளையும்.

பிறப்பது ஆணா பெண்ணா என்பதும் தந்தையின் விந்தணுவால் அமைவதேயாகும். தாயின் சினைமுட்டை எப்போதும் எக்ஸ் குரோமோசோமையே கொண்டுள்ளது. விந்தணுக்களில் பாதி எக்ஸையும் பாதி ஒய்யையும் கொண்டவை. முன்னது சேர்ந்தால் பெண். பின்னது சேர்ந்தால் ஆண். 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் மாவுப்புழுக்களை ஆராய்ந்து இதனை நிறுவினார். தந்தையும் தன் விருப்பப்படி இதனை மாற்ற இயலாது. எனவே பழி அவனுக்கும் இல்லை. ஆனால் தாய்க்கு இதில் பங்கே இல்லை என்பதை மாமியாரும் கணவனும் அறிந்தால், ஒரு வீட்டின் கண்ணீர் குறையும். கருவின் பாலை அறிந்து கூறுவது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கு நினைவூட்டுதல் தகும்.

ஆண் கருத்தடையின் வரலாறு

குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்ற முதல் நாடு இந்தியா, ஆண்டு 1952. அறுவை செய்துகொள்வோர்க்கு உதவித்தொகை அளிக்கும் முறையில் 1950-களின் பிற்பகுதியிலேயே சென்னை மாநிலம் முன்னோடியாக நின்றது. 1960-களின் பிற்பகுதியில் நாட்டில் நடந்த கருத்தடை அறுவைகளில் பெரும்பான்மை ஆண்களுக்குச் செய்யப்பட்டவையே. 1971 சூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில், மாவட்ட ஆட்சித் தலைவர் எஸ். கிருஷ்ணகுமார் ஏற்பாடு செய்த முகாமில் ஒரே மாதத்தில் அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட ஆண்கள் அறுவை செய்துகொண்டனர். ஆண்கள் முன்வரமாட்டார்கள் என்ற கூற்றை மறுக்கும் வரலாற்றுச் சான்று இது.

பின்னர் வந்தது நெருக்கடி நிலை. 1976-77-இல் நடந்த 82 லட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகளில் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. அவற்றில் பலவற்றின் பின்னே இருந்தது விருப்பமன்று, வற்புறுத்தல். இலக்கு எண்ணிக்கையை நிறைவு செய்யும் வேகத்தில் மனிதனின் ஒப்புதல் மறக்கப்பட்டது. விளைவு, அந்த அறுவையின் பெயரே மக்களிடையே அச்சத்தை விளைவிப்பதாயிற்று. திட்டம் ஆண்களை விட்டுப் பெண்களிடம் திரும்பியது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் அறுவை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 0.3 மட்டுமே. ஆந்திரப் பிரதேசத்தில் பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஏழு பேர் இச்சுமையைத் தாங்கியுள்ளனர்.

இந்த ஏற்றத்தாழ்வு எண்ணிக்கையோடு நிற்பதன்று. பெண்ணின் கருக்குழாய் வயிற்றின் உள்ளே இருப்பதால், வயிற்றைத் திறந்தோ துளையிட்டோதான் அதனை அடைய முடியும். 2014 நவம்பரில் சத்தீசுகரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை நடந்த முகாமையடுத்து 13 பெண்கள் உயிரிழந்தனர். 2016-இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய கருத்தடை முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிட வேண்டும் என்று கூறியது.

ஆணின் விந்துநாளமோ தோலுக்கு அடியிலேயே உள்ளது. 1974-இல் சீன மருத்துவர் லீ சுன்சியாங் வகுத்த முறையில் கத்தி தேவையில்லை. அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, கூரிய கவ்வியால் தோலில் சிறு துளையிட்டு, நாளத்தை வெளியே எடுத்து, வெட்டிக் கட்டிவிடுவர். தையலும் வேண்டுவதில்லை. 1990-களில் இந்தியாவிலும் இம்முறை புகுந்தது. அறுவை முடிந்தவர் அன்றே வீடு திரும்பலாம். தறியில் அமர்வது போன்ற இலேசான வேலையை இரண்டு நாட்களுக்குப் பின்னும், பளு தூக்குதலையும் மிதிவண்டி ஓட்டுதலையும் ஒரு வாரத்திற்குப் பின்னும் தொடரலாம்.

மக்கள் கேட்கும் ஐயங்களுக்கு உடலமைப்பே விடை தருகிறது. வலிமை குன்றுமா? குன்றாது, டெஸ்டோஸ்டிரோன் செல்லும் பாதை இரத்தம், நாளம் அன்று. இன்பம் குறையுமா? குறையாது, நரம்பும் இரத்தக் குழாயும் தொடப்படுவதில்லை. விந்துநீர் வற்றிவிடுமா? வற்றாது, நிற்பது நூற்றில் ஐந்துக்கும் குறைவான பகுதியே. உடனே பயன் தருமா? தராது, ஏற்கனவே நாளத்தில் உள்ள விந்தணுக்கள் நீங்க மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை ஆணுறை போன்ற வேறு முறையைக் கையாண்டு, பின் விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இதனைச் சொல்லாமல் விட்டால், இடையில் தங்கும் கருவிற்கு மனைவியின் ஒழுக்கமே குற்றம் சாட்டப்படும். மீண்டும் இணைக்க முடியுமா? அறுவையால் முயலலாம், ஆனால் வெற்றி உறுதியன்று. ஆகவே நிலையான முடிவு எடுத்தவர்களே முன்வர வேண்டும். மேலும், இவ்வறுவை பால்வினை நோய்களைத் தடுக்காது.

நாளத்தை வெட்டாமல் அதனுள் ஒரு பொருளைச் செலுத்தித் தடுக்கும் முறையைக் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் சுஜய் குகா பல பத்தாண்டுகளாக உருவாக்கி வந்தார். 303 ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின; தடுப்பாற்றல் நூற்றுக்கு 99-க்கும் மேல் எனக் காணப்பட்டது.

செய்யத்தக்கவை

பள்ளி ஆசிரியர் இப்பாடத்தைத் தாண்டாமல் நடத்துதல் முதற் பணி. மாணவன் தன் உடலைத் தானே கவனித்தல் வேண்டும். விந்தகத்தில் வலியற்ற கட்டி தென்பட்டாலும், திடீரெனக் கடும் வலி தோன்றினாலும் மருத்துவரை நாட வேண்டும். முறுக்கிக்கொண்ட விந்தகத்தை ஆறு மணி நேரத்திற்குள் சரி செய்யாவிடில் அதனை இழக்க நேரிடலாம். வெட்கத்தால் இரவெல்லாம் பொறுத்திருக்கும் பையனே பெரும்பாலும் இழப்பவன். ஆண் மகவின் இரு விந்தகங்களும் இறங்கியுள்ளனவா என்பதைப் பிறந்தவுடனும் ஆறாம் மாதத்திலும் பார்த்தல் வேண்டும். இறங்காதிருந்தால் ஒன்றரை வயதிற்குள் அறுவை செய்தல் நலம். ஐம்பது வயதைக் கடந்தவர் சிறுநீர் தடைப்படுவதை முதுமையென்று விட்டுவிடாமல் புராஸ்டேட் சுரப்பியைச் சோதித்தல் நன்று.

நலவாழ்வு அலுவலர்க்கு ஒரு சொல். கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் 'ஆஷா' பணியாளர் பெண்; அவர் பேசுவதும் பெண்களிடமே. ஆண்களிடம் பேச ஆண் பணியாளரும், ஏற்கனவே அறுவை செய்துகொண்டு நலமாக உழைக்கும் ஆண்களும் தேவை. தறிக்கூடத்திலும், பால் சங்கத்திலும், மாலையில் கூடும் தேநீர்க் கடையிலும் அப்பேச்சு நிகழலாம். எண்ணிக்கை இலக்கைத் துரத்திய திட்டம் என்ன ஆயிற்று என்பதற்கு 1976 பாடமாக உள்ளது. முழுச் செய்தியையும் சொல்லி, ஐயம் தீர்த்து, முடிவைத் தம்பதியரிடம் விடுதலே முறை.

பிள்ளைப்பேறு இருவர் உடலாலும் ஆவது. அதன் ஆய்விலும் கட்டுப்பாட்டிலும் ஒருவர் உடல் மட்டுமே சுமை தாங்குவது நீதியும் அன்று, அறிவியலும் அன்று. மணப்பந்தலில் மனைவியின் கைப்பற்றிய கணவன், மருத்துவமனை வாயிலிலும் அவளோடு உள்ளே செல்ல வேண்டும். முதற் சோதனைக்குத் தன் பெயரையே முதலில் கொடுக்க வேண்டும்.